வாசகர் கேள்வி – பதில்: மீட்பு யாருக்கு, எதிலிருந்து?

கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களுக்கு இவ்விதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். பிற சபைகள் வேறுவிதமாகக் கருதும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான் சைவன். என் தங்கை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டில் மீட்பு, இரட்சிப்பு என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. எதிலிருந்து மீட்பு? ஒரு கிறிஸ்தவர் கட்டாயமாக நம்பவேண்டியவை எவை? – வாசகர், கிளிநொச்சி

பதில்: கட்டாயமானவற்றைத் திருச்சபை மிகச் சுருக்கமாகவே எழுதிவைத்திருக்கிறது. 325 ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்து, 381 இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு விரிவு பெற்ற விசுவாச அறிக்கையையே இன்றும் ஞாயிறு பூசையில் மக்கள் எழுந்து நின்று சொல்கிறார்கள். கடவுள் ஒருவரே, அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒருவர், மகன் மரியாளிடம் மனிதராய்ப் பிறந்து, பொந்தியு பிலாத்து ஆளுநராயிருந்த காலத்தில் சிலுவையில் அறையப்பட்டு இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட மீண்டும் வருவார், இறந்தோர் உயிர்த்தெழுவர். இவையே அதன் சாரம். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபையினர் ஆகியோருக்கு இவ்வறிக்கை பொதுவானது. பெந்தெகொஸ்தே சபைகளில் இதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவாயினும், இங்கு சொன்னவற்றை அவர்களில் பெரும்பாலோரும் நம்புகிறார்கள்.

எதிலிருந்து என்ற கேள்விக்குப் பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் என்பது பதில். பாவம் என்பது பொய், களவு போன்ற தனித்தனிச் செயல்களோடு முடிவதில்லை. கடவுளுக்கு முதுகு காட்டி, தன்னையே நடுவில் வைத்துக்கொண்டு வாழும் நிலையையும் அது குறிக்கிறது. உயிரை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தத்தில் படித்த ஒருவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஆணவம் அநாதி, அதாவது தொடக்கமில்லாதது என்பது சித்தாந்தம். படைப்பு முதலில் நல்லதாகவே இருந்தது, பாவம் பின்னர் புகுந்தது என்பது கிறிஸ்தவம். அதுபோலவே, பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைக் கிறிஸ்தவர்கள் மீட்பு என்று சொல்வதில்லை. ஒரே பிறவி, ஒரே சாவு, அதன்பின் இந்த உடலோடு கூடிய உயிர்ப்பு என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15 ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். சிலுவை நடந்து ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குள், அதைக் கண்டவர்களில் பலர் உயிரோடிருந்தபோது எழுதப்பட்ட வரி அது.

ஒருவருடைய சாவு மற்றவர்களை எப்படி மீட்கும் என்றும் நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். கடன் தீர்க்கப்பட்டது என்பர் சிலர். அடிமைக்கு மீட்புப் பணம் செலுத்தப்பட்டது என்பர் சிலர். சாவுக்குள் நுழைந்து சாவை வென்றார் என்பது கிழக்குத் திருச்சபைகள் விரும்பும் விளக்கம். நிசேய அறிக்கையோ ‘நமக்காகவும் நம் மீட்புக்காகவும்’ என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. முதல் நூற்றாண்டுகளின் பொதுச்சங்கங்கள் எதுவும் இவ்விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளவில்லை. இந்த அடக்கம் இன்றைய பிரசங்கிகளுக்கும் இருந்தால் நல்லது.

கேள்வி: பிறந்த சில நாட்களிலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள், “அக்கா, நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா? தேதி சொல்ல முடியுமா?” என்று கேட்கிறார்கள். குழந்தையில் பெற்றது செல்லாது, தண்ணீரில் மூழ்கி மறுபடியும் எடுக்கவேண்டும் என்கிறார்கள். எனக்குச் சொல்ல எந்தத் தேதியும் இல்லை. – வாசகி, முல்லைத்தீவு

பதில்: தேதி சொல்லக்கூடிய கிறிஸ்தவர்கள் உண்டு. தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் இயேசுவின் காட்சி பெற்று விழுந்து மனம் மாறிய பவுலால் நாளையும் வேளையையும் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் அதே பவுல், தமது சீடராகிய திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று எழுதுகிறார். திமொத்தேயுவிடம் யாரும் தேதி கேட்டதாகத் தெரியவில்லை. மேலும், நீங்கள் மீட்கப்பட்டிருக்கிறீர்கள் என்று எபேசியருக்கும், மீட்புப் பெற்றுவருகிறோம் என்று கொரிந்தியருக்கும், இனி மீட்கப்படுவோம் என்று உரோமையருக்கும் அவர் எழுதியிருப்பதால், மீட்பை ஒரே ஒரு நாளுக்குள் அடக்குவது அவருடைய கடிதங்களோடு பொருந்தாது.

குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பவர்களின் நியாயத்தையும் சொல்லவேண்டும். முதலில் விசுவாசம், பிறகு ஞானஸ்நானம் என்பதே மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் காணப்படும் ஒழுங்கு. குழந்தையால் விசுவசிக்க முடியாது என்பது அவர்களது வாதம். அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மறுபக்கத்தில், பிலிப்பி நகரச் சிறைக்காவலர் தம் வீட்டார் அனைவரோடும் அதே இரவில் ஞானஸ்நானம் பெற்றதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. குழந்தைக்குக் கொடுக்கும் சபைகள், கடவுளின் கொடை நமது அறிவுக்கு முந்தியது என்பதையே அதன் மூலம் காட்டுகின்றன. பிள்ளையின் பேரில் தாய் தகப்பன் எழுதிவைத்த காணி உறுதியை நினைத்துப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அது தெரியாது. இருந்தும் காணி அந்தப் பிள்ளையுடையதுதான். வளர்ந்தபின் அது காணிக்குள் இறங்கிக் காடு வெட்டி விதைக்காவிட்டால், உறுதி இருந்தும் சோறு இல்லை. ஜெபக்கூட்டத்தார் இந்த இரண்டாவது பாதியை வற்புறுத்துவார்களாயின் அவர்கள் சொல்வது சரி. உறுதியே செல்லாது என்பார்களாயின், ‘ஒரே ஞானஸ்நானம்’ என்று எபேசியர் 4:5 சொல்வதை நீங்கள் அமைதியாக எடுத்துக்காட்டலாம். மறுபடியும் பெறவேண்டியதில்லை.

இந்தச் சண்டையின் வேர் பழையது. 1517 இல் ஜேர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த விவாதத்தில், மனிதன் விசுவாசத்தால் மட்டும் நீதிமானாகிறானா, செயல்களுக்கும் அதில் பங்குண்டா என்பதே மையம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1999 ஒக்டோபர் 31 அன்று ஜேர்மனியின் ஔக்ஸ்பூர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. நமது தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் செயலில் வைக்கும் விசுவாசத்தில், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அந்த அருளே நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறது என்றும் இரு தரப்பும் சேர்ந்து சொன்னது அதில்தான். 2006 இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதனோடு இணைந்துகொண்டது. ரோமும் லூத்தரின் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டதை நமது ஒழுங்கைகள் இன்னும் அறியவில்லை.

கேள்வி: 2009 இல் மாத்தளன் பக்கம் ஒரு தறப்பாளுக்குக் கீழே என் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்தது. சுவாமியாரைத் தேடிப் போக முடியவில்லை. ஞானஸ்நானம் இல்லாமலே புதைத்தோம். அந்தப் பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னது இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் உறவினர் சொன்னது திருச்சபையின் போதனை அல்ல. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் விண்ணகத்துக்குப் புறம்பான ஓரிடத்தில் இருப்பார்கள் என்ற கருத்தை இடைக்கால இறையியலாளர்கள் பலர் கொண்டிருந்தது உண்மை. அது ஒருகாலத்திலும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி, இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. எல்லா மனிதரும் மீட்புப்பெற விரும்பும் கடவுளும், சிறுபிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற இயேசுவும் அவர்களுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள் என நம்பலாம் என்கிறது. இதே கேள்வியை ஆராய்ந்த அனைத்துலக இறையியல் ஆணைக்குழுவின் அறிக்கை 2007 இல் வத்திக்கானில் வெளியானது. நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்பதே அதன் முடிவு.

ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமே, நீங்கள் ஏன் கொடுக்கவில்லை என்றும் யாராவது கேட்டிருக்கக்கூடும். விதி அப்படி இருப்பது உண்மைதான். குடிக்கவே தண்ணீர் கிடைக்காமல், எறிகணைக்குள் பிள்ளை பெற்றுக் கிடந்த பெண்ணிடம் அந்த விதியைக் கொண்டுபோய் நீட்டுவது விசுவாசம் அல்ல. மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்தவர் கடவுள். ஆனால் அவர் தமது அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று மறைக்கல்வி தெளிவாகவே சொல்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைகளுக்கான மன்றாட்டுகளும் அடக்கச் சடங்கும் நமது வழிபாட்டு நூலிலேயே உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் போய், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் மனதில் வைத்திருந்த பெயரைச் சொல்லி, அதற்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கும்படி கேளுங்கள். நவம்பர் 2 ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்கும் நாளில், மற்றக் குடும்பங்கள் கொடுக்கும் பெயர்களோடு அந்தப் பெயரையும் எழுதிக்கொடுங்கள். கல்லறை எங்கே என்று காட்ட முடியாதது இதற்குத் தடையே அல்ல.

கேள்வி: போரில் நாங்கள் பட்டதெல்லாம் சிலை வணங்கியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை, மனந்திரும்பியிருந்தால் பிழைத்திருப்போம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா? – வாசகர், மாங்குளம்

பதில்: நேர்மாறானதற்கே ஆதாரம் உண்டு. லூக்கா 13 ஆம் அதிகாரத்தில், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியை இயேசுவிடம் சிலர் கொண்டுவருகிறார்கள். இறந்தவர்கள் மற்றக் கலிலேயரைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததையும் அவரே எடுத்துக்காட்டி, மறுபடியும் அப்படியல்ல என்கிறார். மனம் மாறுங்கள் என்ற அழைப்பை அவர் கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கித் திருப்பினாரே ஒழிய, செத்தவர்களைக் குற்றவாளிகளாக்கவில்லை. பிறவிக் குருடரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கும் யோவான் 9 இல் இதே பதில்தான். 1999 நவம்பர் 20 அன்று மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணை விழுந்து 40 பேர் வரை மாண்டார்கள். மாதாவின் காலடியில் செபமாலையோடு கிடந்தவர்கள் அவர்கள். அந்தப் போதகரின் கணக்கில் அவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எறிகணையை ஏவியது மனிதர். அதன் பொறுப்பைக் கடவுளின் தலையில் ஏற்றுவது, ஏவியவரை விடுவிப்பதாகவே முடியும்.

கேள்வி: என் கணவர் இரட்சிக்கப்பட்டு, சபையில் சாட்சியும் சொல்லிவிட்டார். ஆனால் பக்கத்துக் காணிக்காரர் இந்தியாவில் முகாமில் இருந்த காலத்தில் இவர் வேலிக் கதியாலைப் பிடுங்கித் தள்ளி நட்ட துண்டு இன்னும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. அவர்கள் இப்போது திரும்பி வந்துவிட்டார்கள். பழைய பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது, இனிக் கிண்டவேண்டாம் என்கிறார் கணவர். – வாசகி, விசுவமடு

பதில்: மன்னிக்கப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. கதியால் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. வரிதண்டுவோரின் தலைவராகிய சக்கேயு, இயேசு தம் வீட்டுக்கு வந்த அன்றே எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் அதை நான்கு மடங்காகவும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். கொடுத்ததால் சக்கேயு மீட்பை வாங்கினார் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது, ஏனெனில் அவர் எதையும் சொல்வதற்கு முன்னரே, தம்மைப் பார்க்க மரத்தில் ஏறி இருந்தவரைப் பெயர் சொல்லி இறக்கியவர் இயேசு. ஆனால் வந்த மீட்பு அவருடைய பணப்பெட்டி வரை போனது. செயல்களால் அல்ல, அருளால் மீட்கப்பட்டீர்கள் என்னும் எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் பத்தாம் வசனத்தையும் படிக்கவேண்டும்: நற்செயல்கள் செய்வதற்கென்றே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது அது. எல்லைக் குறியை நகர்த்தாதே என்று இணைச்சட்டம் 19:14 சொல்வதையும் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். பிறகு இரு குடும்பத்தாரும் கிராம அலுவலரை வைத்துக்கொண்டு பழைய எல்லையைப் பார்த்து வேலியைத் திருப்பி நடட்டும். அந்தத் துண்டில் இத்தனை ஆண்டு பறித்த தேங்காய்க்கும் ஒரு கணக்குப் பேசிக்கொள்வது முறை.

கேள்வி: வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய்வந்த அயலவர் பிரசாதம் தருகிறார்கள். வாங்கிச் சாப்பிட்டால் என் இரட்சிப்புப் போய்விடுமா? – வாசகர், முள்ளியவளை

பதில்: போகாது. உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதுமில்லை, விலக்குவதுமில்லை என்று 1 கொரிந்தியர் 8 இல் பவுல் எழுதுகிறார். ஆயினும் படைத்த உணவு என்று தெரிந்தபின், பக்கத்தில் இருக்கும் ஒருவரின் மனச்சாட்சி புண்படுமாயின் தவிர்க்கவும் அவரே சொல்கிறார். உங்கள் மனம் இடம் தராவிட்டால் இரண்டு கைகளாலும் வாங்கி, நன்றி சொல்லி, உண்ணக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அயலவரின் முகத்துக்கு நேரே மறுப்பதற்கு வேதம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கேள்வி: வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். எங்கிருந்து படிப்பது? – மாணவி, வவுனியா

பதில்: லேவியராகமத்தில் நின்றவர்கள் ஏராளம். மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதன்பின் லூக்கா 15 ஆம் அதிகாரத்தையும் 19 ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். உரோமையர் கடிதம் இவற்றுக்குப் பிறகு வரட்டும். அதைத் தனியே படிக்காமல், விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவரோடு அமர்ந்து, நாளுக்கு ஓர் அதிகாரமாகப் படிப்பது நல்லது.