சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று தம்பி சொன்னதைப் பற்றி

வணக்கம் அம்மா.

போன வாரம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க நீங்களும் உங்கள் மகன் தம்பியும் என்னிடம் வந்தபோது பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள், நீங்களும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டீர்கள். மீதியை எழுத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இது.

தம்பி கைப்பேசியை என் மேஜைமேல் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைக் காட்டினான். சீனாவில் ஒரு கிராமத்திலிருந்து வந்து பெரிய நடிகரான வாங் பாவ்ச்சியாங் பற்றியது. மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. முடிந்ததும், "இவர் எந்தக் காலேஜ் சார் படிச்சார்?" என்று கேட்டான். நீங்கள் மதிப்பெண் சான்றிதழ் வைத்திருந்த கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். அவன் கேள்விக்கும் உங்கள் பார்வைக்கும் அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

தம்பியின் ஆசையை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. அவன் தேர்ந்தெடுத்த ஆளும் நல்ல ஆள்தான். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் பல வருடங்கள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன். இதை அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

வாங் 1984ல் பிறந்தவர். ஹெபெய் மாகாணத்தில் நான்ஹே என்ற பகுதி, விவசாயக் குடும்பம். 1982ல் ஜெட் லீ நடித்து வந்த, குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடத்தைப் பற்றிய படம் அந்த நாட்டுப் பையன்களைப் பிடித்து ஆட்டிய காலம் அது. இவருக்கும் அந்தப் பித்து பிடித்தது. எட்டு வயதில் வீட்டை விட்டுப் பக்கத்து மாகாணத்தில் இருக்கும் சோங்ஷான் மலைக்குப் போய் ஷாவோலினில் சேர்ந்தார். அங்கே ஆறு வருடம் இருந்தார். எட்டிலிருந்து பதினான்கு வரை, மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயதில், தினமும் உடம்பை வளைத்து, விழுந்து, எழுந்து ஒரே வித்தையைப் பழகினார். எந்தக் காலேஜ் என்று தம்பி கேட்டானே, அதுதான் அவருடைய காலேஜ்.

அப்புறம் பெய்ஜிங். பெய்ஜிங் ஃபிலிம் ஸ்டுடியோவின் வாசல் அப்போது வாய்ப்புத் தேடுபவர்களுக்குப் பேர்போன இடம். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். சாலையோரத்தில் குந்தியிருப்பார்கள், சுவரில் சாய்ந்து நிற்பார்கள். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் வருவார். சுன்தோ என்று அவருக்குப் பெயர், கூட்டத்துக்குத் தலைவர் என்று அர்த்தம். இன்றைக்குச் சிப்பாய் வேஷத்துக்கு இத்தனை பேர் என்பார். எல்லோரும் எழுந்து அவரைச் சுற்றி நெருக்குவார்கள். விரல் நீட்டப்பட்டவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு, கொஞ்சம் கூலி. மற்றவர்கள் திரும்பப் போய்க் குந்திக்கொள்வார்கள்.

பதினைந்து வயதுப் பையனாக வாங் அந்த வாசலில் நின்றார். கூட்டத்தில் ஒருவராக நடித்தார், சண்டைக் காட்சிகளில் டூப் போட்டார். அழைப்பு இல்லாத நாட்களில் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். கட்டட வேலைக்குப் போனதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாய்ப்புத் தேடிப் போகிறவர்களில் பலர் தோற்பது நடிப்பு வராததால் அல்ல. வாடகை கொடுக்க முடியாமல்தான் ஊர் திரும்புகிறார்கள். கையில் ஒரு வேலை இருந்தவர் இன்னும் ஒரு மாதம் நிற்க முடிந்தது, அதற்குப் பிறகு இன்னும் ஒரு மாதம்.

அந்த நிலையில் கிடைத்ததுதான் லீ யாங் இயக்கிய 'பிளைண்ட் ஷாஃப்ட்'. நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை தேடி வரும் ஒரு பதினாறு வயதுப் பையன். அவனைச் சொந்தக்காரன் என்று சொல்லி அழைத்துப் போய், உள்ளே கொன்றுவிட்டு இழப்பீடு வாங்கத் திட்டம் போடும் இரண்டு பேர். அந்தப் பையனாக வாங் நடித்தார். சீனாவில் படம் திரைக்கே வரவில்லை. ஆனால் தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் 2003ல் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே இயக்குநர் ஃபெங் சியாவ்காங்கின் படத்தில் ஹாங்காங் நட்சத்திரம் ஆண்டி லாவுடன் நடித்தார். சம்பாதித்த பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஊருக்குப் போகிற, உலகத்தில் திருடர்களே இல்லை என்று நம்புகிற ஒரு வெகுளிப் பையன். பிறகு ஒரு ராணுவத் தொடரில், எதையும் மெதுவாகவே கற்றுக்கொள்ளும் கிராமத்துச் சிப்பாய். வீட்டுக்கு வீடு அவர் முகம் தெரிந்தது அந்தத் தொடரால்தான். 2012ல் அவர் நடித்த 'லாஸ்ட் இன் தாய்லாந்து' 100 கோடி யுவானைத் தாண்டி வசூலித்த முதல் சீனப் படமானது.

இந்த வேடங்களை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் கிராமத்துப் பையன்தான். அவர் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொண்டு நகரத்துக்காரராக வேஷம் கட்டவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்ததையே முதலாக வைத்தார். தம்பி உங்கள் ஊர்ப் பேச்சை என் முன்னால் அடக்கி அடக்கிப் பேசினான். வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தப் பேச்சு அவனுக்கு உதவும்.

இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஷாவோலின் இருக்கும் தெங்ஃபெங் ஊரில் தற்காப்புக் கலை பழகும் பிள்ளைகள் பல ஆயிரம் பேர். அந்த ஸ்டுடியோ வாசலில் நின்றவர்களுக்கும் கணக்கில்லை. திரும்பிப் போனவர்களைப் பற்றி யாரும் வீடியோ எடுப்பதில்லை. சீனாவிலேயே நடிப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் குறிவைப்பது 1950ல் தொடங்கிய பெய்ஜிங் ஃபிலிம் அகாடமி, மத்திய நாடக அகாடமி மாதிரியான இடங்களைத்தான். அங்கே சேர நடிப்புத் தேர்வு மட்டும் போதாது. நாடு முழுக்கக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் எழுதும் காவ்காவ் நுழைவுத் தேர்விலும் மதிப்பெண் வேண்டும். "நடிகனுக்கு மார்க் எதுக்கு" என்று தம்பி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு வாங்கிடம் மிகவும் பிடித்தது பிற்பாடு நடந்த ஒன்று. 2017ல் அவரே ஒரு படம் இயக்கினார். இந்தியாவுக்கு வந்து இங்கேயும் எடுத்த படம். வசூல் வந்தது, ஆனால் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த வருடம், மோசமான படங்களுக்குக் கொடுக்கும் தங்கத் துடைப்பம் என்ற விருதை மோசமான இயக்குநர் என்று அவருக்குக் கொடுத்தார்கள். அவர் நேரில் மேடையேறி அதை வாங்கிக்கொண்டு, ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பல வருடம் உழைத்து 2023ல் இன்னொரு படம் இயக்கினார். ஏழை மலைக்கிராமத்துப் பையன்களுக்குச் சண்டைப் பயிற்சி கொடுக்கும் ஒருவரின் கதை. 200 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. பரிசு வாங்கிய காட்சியைவிடத் துடைப்பம் வாங்கிய காட்சியைத்தான் தம்பி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். "உனக்கு என்ன தெரியும்?" என்று அன்று கேட்டபோது தம்பி உண்மையையே சொன்னான். ஆண்டு விழாவில் இரண்டு நாடகம். சிலம்பம் நாலு மாதம், பிறகு விட்டாச்சு. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சிலம்பத்தைத் திரும்பத் தொடங்கட்டும், இந்த முறை விடாமல்.

அவன் கல்லூரியில் சேரட்டும் அம்மா. உங்கள் பயத்துக்காக இதைச் சொல்லவில்லை, அவன் ஆசைக்காகவே சொல்கிறேன். புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கும் பட்டம் கேட்கிறார்கள். நாடகப் பள்ளியில் மேடை அனுபவமும் கேட்கிறார்கள். எந்தப் பட்டமானாலும் சரி, பிடித்ததை எடுக்கட்டும். அந்த மூன்று வருடமும் ஒரு நாடகக் குழுவில் இருக்கட்டும், மேடை துடைப்பதிலிருந்து. விடுமுறையில் சம்பளம் வரும் ஒரு வேலையும் கற்றுக்கொள்ளட்டும். பட்டம் வாங்கியபின் இரண்டு வருடம் அவனுக்குக் கொடுங்கள். இடமும் சாப்பாடும் உங்களுடையது, மற்றச் செலவு அவனுடையது. இதை இப்போதே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டால் பிறகு சண்டை வராது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், போட்டோ ஆல்பத்துக்குப் பணம் கட்டு என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்படிக் கட்டினான். இரண்டாம் மாதம் அந்த அலுவலகமே காலி. நடிக்க வருபவனுக்குத்தான் கூலி கொடுப்பார்கள், அந்த ஸ்டுடியோ வாசலில்கூட அதுதான் வழக்கம்.

வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள், அப்பாவையும் அழைத்து வாருங்கள். கல்லூரி விண்ணப்பங்களை அன்றைக்கே நிரப்பிவிடலாம். தம்பி ஐந்து நிமிடம் நடித்துக் காட்ட ஏதாவது ஒன்றைத் தயார் செய்து வரட்டும், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே. பார்க்க நான் இருப்பேன், பக்கத்து அறையிலிருந்து நாலைந்து பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்.