கண்ணில் குறையில்லை, ஆனால் சொம்பைத் தெரியவில்லை

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது, பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நடை திரும்பிவிட்டது, பேச்சும் தெளிவு. ஆனால் எதிரே வைத்த சொம்பைப் பார்த்து "இது என்ன?" என்கிறார், மருமகள் வாய் திறந்து பேசினால்தான் அவரை யாரென்று தெரிகிறது. கண் டாக்டர் குறையில்லை என்று அனுப்பிவிட்டார். இப்போது ஊர்க்காரர் ஒருவர் வெளியூர் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்துச் சரி செய்து தருவதாக முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கண் பார்த்ததைப் புரிந்துகொள்கிற இடம் மூளையின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் கண் எடுக்கிற படம் சரியாக இருந்தும் அது இன்னதென்று தட்டுப்படாது. இதற்கு அக்னோசியா என்று பெயர். முகங்கள் மட்டும் பிடிபடாமல் போவதும் இதே குடும்பம்தான். லேசர், கண்ணாடி, சொட்டு மருந்து, மூளை டானிக், நரம்பு எண்ணெய் எதுவும் அந்த இடத்தைத் தொடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்து என்னவென்று கேளுங்கள். முழிப்பார், அல்லது "ஏதோ பளபளன்னு இருக்கு" என்பார். அதையே அவர் காதோரம் குலுக்குங்கள், இல்லை கையில் கொடுங்கள். "சாவி" என்று பட்டென்று வந்தால் கோளாறு பார்த்து அறிவதில்தான். தொட்டும் பெயர் வரவில்லை, ஆனால் பூட்டைத் திறப்பதுபோல் திருகிக் காட்டுகிறார் என்றால் அது பேச்சுக் கோளாறு, அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். மறதி நோய் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த வருஷம் மேட்டூர் எப்போது திறந்தார்கள், போன சம்பாவுக்கு என்ன ரகம் போட்டோம் என்று கேளுங்கள். கோர்வையாகச் சொன்னால் ஞாபகம் பிழைத்திருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு, இதை விட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள். இந்த வயதில் பலருக்குக் கண்புரையும் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், ஆனால் படிக்கிற மற்றவர்கள் வீட்டில் இதே கோளாறு வந்தவருக்குப் புரையும் இருந்தால் தாராளமாக எடுத்துவிடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே எடுக்கிறார்கள். படம் தெளிவாகும், நல்லதுதான். ஆனால் தெளிவாகத் தெரிகிற சொம்பும் அவருக்குச் சொம்பு என்று தெரியாது, புரை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவராவது சொன்னால் அவருக்கு அதில் கமிஷன் இருக்கிறது. புரை வேறு, இது வேறு, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் தேர்வு வைப்பதை நிறுத்துங்கள். வருகிற சொந்தமெல்லாம் முன்னால் நின்று "என்னைத் தெரியுதா மாமா?" என்று கேட்பது நம் ஊரில் பெரிய கொடுமை, அவர் ரெண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாயையே திறக்க மாட்டார். உள்ளே வரும்போதே "மாமா, நான் செல்வி வந்திருக்கேன்" என்று குரல் கொடுக்கட்டும். அவருடைய டம்ளருக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள், தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வார். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பூச்சிமருந்தைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மாட்டுக்கொட்டகையில் வைக்கும் பழக்கம் டெல்டாவில் எந்த வீட்டில் இல்லை? இன்றைக்கே எடுத்துப் பூட்டிவையுங்கள். வண்டிச் சாவியும் அவரிடம் வேண்டாம்.

தானாகத் தேறுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அதற்குப் பிறகு தொட்டும் கேட்டும் சமாளிக்கப் பழக்குவதுதான் வழி, அதைச் சொல்லித்தர வேண்டியவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டி, எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோய், இந்தப் பயிற்சிக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது. ஆள் நடந்துவிட்டால் குணமாகிவிட்டார் என்று எழுதி அனுப்புகிறார்கள், கை தூக்குகிறாரா கால் தூக்குகிறாரா என்பதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இதற்கென்று ஒரு வகையும் கிடையாது, அடையாள அட்டைக்குப் போனால் மேசை மேசையாகத் தள்ளுவார்கள். அந்த வரிசையிலும் ஒரு புரோக்கர் நிற்பார். விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை, அவருக்கு எதற்குப் பணம்?

கடைசியாக, அப்பா செய்தித்தாளில் ஒரு வரி படிக்கிறாரா பாருங்கள். இந்த வகைப் பக்கவாதத்தில் சிலருக்கு எழுத வரும், தான் எழுதியதையே படிக்க வராது. கையெழுத்து மட்டும் பழையபடி அழகாக விழும். நிலத்தைக் குத்தகைக்கு விடவோ விற்கவோ சொல்லி யாராவது பத்திரத்தை நீட்டினால், நீங்கள் முழுக்க வாசித்துக் காட்டாமல் பேனாவை அவர் கையில் கொடுக்காதீர்கள். லேசருக்கு முன்பணம் கேட்டவர் அதே பக்கமாக வந்தால் பேனாவை ஒளித்தே வையுங்கள்.