கஸ்கட் மாற்றியும் ஒயிலில் தண்ணி: பழைய ஹைலக்ஸின் 22ஆர் எஞ்சின்

இன்னொரு ஹெட் கஸ்கட்டை (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் போடும் தகடு) மட்டும் வாங்கி மாற்றாதீர்கள். புதுசு போட்டு இரண்டு கிழமையில் ஒயில் திரும்பவும் பால்தேத்தண்ணி நிறம், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் கடகட சத்தம் என்றால், சந்தேகம் டைமிங் கவரில்தான், அதாவது எஞ்சினின் முன்பக்கம் டைமிங் செயினை மூடியிருக்கும் மூடியில்.

இந்த எஞ்சினில் செயின் கைட், அதாவது செயினை ஆடாமல் பிடிக்கும் பட்டை, பெரும்பாலும் பிளாஸ்ரிக். அது உடைந்தால் தளர்ந்த செயின் அலுமினியக் கவரை உள்ளே அராவி, தண்ணி ஓடும் பாதை வரை ஓட்டை போட்டுவிடும்.

வால்வ் கவரைக் கழற்றி, செயின் இறங்கும் குழிக்குள் டோர்ச் அடியுங்கள். உட்சுவரில் பளபளவென்று பள்ளம் தெரிந்தால் கவர், செயின், கைட், செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் எல்லாம் புதுசு போடுங்கள். கைட் இரும்பு முதுகு உள்ளதாகக் கேளுங்கள், விலை கூடத்தான்.

கவரின் மேல்விளிம்பும் ஹெட் கஸ்கட்டில்தான் உட்காருகிறது. ஆகவே ஹெட்டையும் திரும்பக் கழற்றுங்கள், கஸ்கட்டும் அப்போது புதுசு. கவனம்: ஹெட்டின் முன்னுக்கு, ஒயில் தேங்கும் குழிக்குள் ஒரு சின்ன போல்ற் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் ஹெட்டை நெம்பினால் கவர் வெடிக்கும். நானும் ஒருக்கால் நெம்பினவன்தான்.

பூட்டும்போது ஹெட்டின் பெரிய போல்ற் பத்தையும் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில் 78 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ரேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணி வேண்டாம், சுண்ணாம்பு படியும்.

திருத்தி முடியும்வரை வாகனத்தை ஓட வேண்டாம். தண்ணி கலந்த ஒயில் பெயரிங்கைத் தின்றுவிடும்.