11 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறார்கள், வகுப்பில் 24 பேர் இருப்பது ஏன்?

நியூ ஜெர்சிக்குக் குடிபோக நினைக்கும் ஒருவர், அங்கே ஒரு மூன்றாம் வகுப்பை நேரில் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. அந்த 11 பொய்க்கணக்கு இல்லை. ஆனால் அது வகுப்பின் அளவும் இல்லை. நீங்கள் குடிபோக நினைக்கும் நியூ ஜெர்சி பள்ளி மாவட்டத்தின் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஓர் ஊர்ப்பகுதியின் பள்ளிகள்) மொத்த மாணவரை மொத்த ஆசிரியரால் வகுத்தால் வருவது அது. நீங்கள் நேரில் பார்த்த மூன்றாம் வகுப்பின் 24 வேறு கணக்கு.

பெரும்பாலும் காரணம் சிறப்புக் கல்வி. அங்கே ஓர் ஆசிரியரிடம் கொஞ்சம் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இசை, ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்களும் கணக்கில் சேர்வார்கள். சின்ன மாவட்டத்தில் சராசரி இதனால் சட்டென்று இறங்கிவிடும். ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவுதான் என்றால் 24 பேரும் ஒரே அறையில்தான்.

மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "மூன்றாம் வகுப்பில் எத்தனை பிரிவு, பிரிவுக்கு எத்தனை பேர்?" அப்புறம் அந்த மாவட்டத்தின் கல்வி வாரியக் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். யார் விலகினார்கள், யாரை நியமித்தார்கள் என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு மாவட்டமும் தன் இணையதளத்தில் எளிய பட்ஜெட் சுருக்கம் வெளியிட வேண்டும். பல மாவட்டங்களில் செலவில் பெரும்பங்கு வீட்டுவரியிலிருந்து வருவதால் அதையும் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறும் மாணவரின் சதவீதத்தை வைத்து ஏழ்மையை எடை போடாதீர்கள். கூட்டாட்சி விதிப்படி வறுமைக் கோட்டு வருமானத்தின் 185 சதவீதம் வரை சலுகை உண்டு. சில பள்ளிகளில் வருமானம் பார்க்காமல் எல்லாருக்குமே இலவசம். இரண்டு மாவட்டங்களை அந்த எண்ணால் ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும்.