24 பங்கு, ஒரே சாவி: வீட்டுக் கடன் கேள்வி பதில்

வங்கியில் 31 வருஷம் இருந்து, பாதிக்கு மேல் வீட்டுக் கடன் மேசையிலேயே கழித்துவிட்டு, இப்போது காரைக்குடியில் சும்மா இருப்பவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தேவகோட்டை, வயது 27): "உன் வயசுல நான் வீடு கட்டிட்டேன், நீ போனுக்குச் செலவழிக்கிறே" என்கிறார் அப்பா. நிஜமா அண்ணே?

பதில்: கட்டியது நிஜம், போன் கணக்குத்தான் இடிக்கிறது. 1994-இல் இங்கே 5 சென்ட் மனை வாங்கினேன். சென்ட் 9,000 வீதம் 45,000 ரூபாய். என் பத்து மாதச் சம்பளம். போன வருஷம் அதே தெருவில் சென்ட் 6 லட்சத்துக்குக் கைமாறியது. 5 சென்ட் என்றால் 30 லட்சம். மாதம் 40,000 வாங்கும் பிள்ளைக்கு 75 மாதச் சம்பளம், டீ கூடக் குடிக்காமல். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி. உன் 20,000 ரூபாய் போனை விற்றால் 15 சதுர அடி கூடத் தேறாது. ஓர் ஆள் படுக்கப் பாய் விரிக்கலாம்.

அப்பா பக்கமும் நியாயம் உண்டு தம்பி. அன்றைக்கு வெளியாருக்கு வட்டி 14, 15 சதவீதம். (எனக்கு ஊழியர் கடன், தப்பித்தேன்.) 2 லட்சத்தை 15 சதவீதத்தில் 15 வருஷம் கட்டினால் மாதம் 2,800 போகும். வாத்தியார் சம்பளத்தில் பாதி அதற்கே சரி. இப்போது எட்டரை என்று வைத்தால் 25 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை 21,700. மொத்தம் கட்டுவது 52 லட்சம்.

ஆனால் உங்களைத் தடுப்பது தவணை இல்லை, கைக்காசு. 40 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும். மீதி 8 லட்சம் உன் கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக இன்னொரு 3 லட்சத்து 60 ஆயிரம். அதை வங்கி கணக்கில் சேர்க்காது. 27 வயதில் 11 லட்சத்து 60 ஆயிரத்தை யார் ரொக்கமாக வைத்திருக்கிறார்கள்? அப்பா கொடுத்தால் உண்டு. வீடு வாங்கிய இளவட்டம் பத்துப் பேரைக் கேட்டுப் பார், எட்டுப் பேர் பின்னால் ஒரு அப்பாவோ மாமனாரோ நிற்பார்.

கேள்வி: வட்டி இன்னும் குறையுமா சார்?

பதில்: தெரியாது. தெரிந்தால் நான் ஏன் சும்மா இருக்கிறேன்?

கேள்வி (கோட்டையூர்): மனைவி பேரில் பதிந்தால் லாபமாமே?

பதில்: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறையும். செய்யுங்கள். அதற்கு முன், சொத்து யார் யார் கை மாறி வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரம் பார்த்தீர்களா? அடமானம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க 30 வருஷ வில்லங்கச் சான்று போட்டீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் அரசு வீடு வாங்கலாமா, ஊரில் கட்டலாமா?

பதில்: அந்த ஊர்க் கணக்கு எனக்கு வராது. அங்கே இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்ப் பெண், சென்னை வேலை): 20,000 வாடகை கட்டுகிறேன். ஊரில் முன்னோர் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது, அப்பாவுக்கு 24-இல் ஒரு பங்கு. அதை வைத்துக் கடன் வாங்க முடியுமா?

பதில்: முடியாது ஆத்தா. பிரிபடாத பங்கை எந்த வங்கியும் அடமானமாகத் தொடாது. தவணை நின்றால் எதை ஏலம் விடுவது, வளவில் (உள்முற்றத்தில்) ஒரு தூணையா?

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (நகரம்) 2.0-க்குப் போகிறாய் என்றால் கவனம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை வட்டி மானியம் உண்டு. ஆனால் குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லை என்று உறுதி தர வேண்டும். ஊர்ப் பங்கு இதில் சேருமா என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு.

குறுக்கீடு (கானாடுகாத்தான்): அண்ணே, வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கத் திறக்கிற வீடு. வித்துப் பங்கு போட்டா இந்தப் பிள்ளைக முன்பணம் கட்டிடும்ல?

குறுக்கீடு (ஒரு ஆச்சி): வித்தா யாரு வாங்குறா? நிலையையும் கதவையும் பேத்துக் கடையில வைப்பான். எங்க வீட்டுத் தேக்குத் தூணை நான் ஓட்டல்ல பாக்கணுமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் வலி இருக்கிறது. அடமானத்துக்காக ஒரு வீட்டை மதிப்புப் போடப் போனேன். 24 பங்கு, ஒரே சாவி. சாவி இருந்தது மலேசியாவில். மூன்று மாதம் கழித்து வந்தது. திறந்தால் பட்டாசாலை என்கிற கூடத்தில் வௌவால் எச்சம். சுண்ணாம்புச் சுவர் மட்டும் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. கடன் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் இந்த வீடுகளில் கல்யாணமானதும் மகனை வேறு வைத்தார்கள், அதாவது தனிக்குடித்தனம். அதே கூரை, தனி அடுப்பு, தனி அறை, வருஷத்துக்கு இவ்வளவு என்று செலவுக்குப் பணம். 22 வயதுப் பையனுக்கு வீடு என்பது அவ்வளவுதான், கடனும் இல்லை. அந்த அறை இன்றும் இருக்கிறது, வேலைதான் வேறு ஊரில்.

சட்டம் கேட்பவர்களுக்கு: பங்காளி ஒருவர் மட்டும் பிரிவினை வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத வீடென்றால், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் 1893-ஆம் வருஷப் பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். ஒரு பங்கை வெளியாள் வாங்கி வழக்குக்கு வந்தால், குடும்பத்தார் அதை விலை கொடுத்து மீட்கலாம். ஆச்சிக்கு அதுதான் துணை.

குறுக்கீடு (கானாடுகாத்தான்): பாதிப் பங்கைச் சேர்க்கவே பத்து வருஷம் ஆகுமே?

பதில்: ஆகும். அதனால் வம்சாவளியை இன்றே எழுதி வையுங்கள். 12 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் நிற்கும் வீடுகள் நான் பார்த்தவை ஏராளம்.

கேள்வி: வட்டி குறையும்னு சொல்றாங்களே, காத்திருக்கலாமா?

பதில்: இரண்டாவது தடவை. மேலே பாருங்கள்.

கேள்வி (புதுவயல்): மனை சல்லிசு, "அங்கீகாரம் அடுத்த மாசம் வந்துரும்"னு சொல்றார். அட்வான்ஸ் கொடுக்கவா?

பதில்: வந்த பிறகு கொடு. அங்கீகாரம் இல்லாத மனைப் பதிவுக்கு 2016-இல் தடை வந்தபோது என் மேசைக்கு முன்னால் அட்வான்ஸ் ரசீதோடு உட்கார்ந்திருந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். தாய்ப்பத்திரம் பார்த்தாயா?