நாலு ஏக்கரை சோலாருக்கு விடலாமா? கீழே தக்காளி வருமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் நிலம். போர் தண்ணீரில் ரெண்டு ஏக்கர் தக்காளி, ரெண்டு ஏக்கர் மானாவாரி ராகி, மீதி மாந்தோப்பு. சோலார் கம்பெனி சார்பில் ஒருவர் வந்து, தக்காளி நிலத்தையும் ராகி நிலத்தையும் சேர்த்து நாலு ஏக்கரை 28 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். ஏக்கருக்கு வருடம் 35,000 ரூபாய். "பேனலுக்குக் கீழே வழக்கம்போல பயிர் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ராகியில் செலவு போக ஏக்கருக்கு 20,000 நிற்கும். தக்காளியில் ஒரு வருடம் ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பார்த்தேன். போன வருடம் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. என் மச்சானோ, வாடகைக்கு விடாதே, லோன் போட்டு நாமே பிளான்ட் வைக்கலாம் என்கிறார். கையில் 12 லட்சம் இருக்கிறது. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். பட்டா, காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. ரெண்டு அக்காக்கள் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: தக்காளி நிலத்தை விட வேண்டாம். ராகி நிலத்தை விடலாம், ஆனால் இப்போது சொல்லும் நிபந்தனைகளில் அல்ல. மச்சான் சொல்லும் வழி உங்கள் 12 லட்சத்துக்குத் தாங்காது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "கீழே பயிர் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சு. உங்கள் முடிவு முழுக்க இதில்தான் தொங்குகிறது. பேனலும் பயிரும் ஒரே நிலத்தில் வரும் என்பது பொய்யில்லை. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் பேனல் போட்டு, வரிசைகளுக்கு நடுவே 3, 6, 9 மீட்டர் என்று இடம் விட்டு, பாசிப்பயறு, கொத்தவரை, சீரகம் எல்லாம் வளர்த்துப் பார்த்திருக்கிறது. பேனலில் விழும் மழைத்தண்ணீரையும் பிடித்துச் சேமிக்கிறார்கள். ஜெர்மனியில் ஹெகல்பாக் என்ற ஊரில் டிராக்டரே கீழே ஓடும்படி ஐந்து மீட்டர் உயரத்தில் பேனல் போட்டார்கள். 2017-ல் அங்கே கோதுமையும் உருளையும் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தன. அடுத்த வருடம் வெயிலும் வறட்சியும் கடுமையாக இருந்தபோது, நிழல் கைகொடுத்து, உருளை திறந்த வயலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

இந்த ரெண்டு இடத்திலும் பயிருக்கு என்று முன்கூட்டியே திட்டமிட்டு, உயரமோ இடைவெளியோ விட்டுத்தான் பேனலை நட்டார்கள். உங்களிடம் வந்தவர் அப்படித் திட்டமிட்டிருக்கிறாரா? சாதாரணமாகக் கம்பெனிகள் போடும் அமைப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தர்மபுரி இருப்பது ஏறக்குறைய 12 டிகிரி அட்சரேகையில். அதனால் பேனலும் தெற்கு பார்த்து லேசான சாய்வில்தான் படுத்திருக்கும். முன்விளிம்பு தரையிலிருந்து ரெண்டு ரெண்டரை அடி, பின்விளிம்பு ஐந்தடி. அதற்குக் கீழே குனிந்து களை பறிக்க முடியாது. தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்ட இடமே கிடையாது. மழை பெய்தால் பேனல் அகலத்தில் விழுந்த தண்ணீர் மொத்தமும் முன்விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டும். அந்தக் கோட்டில் மண் அரித்து வாய்க்கால் போல ஆகிவிடும்; நாற்று இருந்தால் படுத்துவிடும்.

பயிரிலும் வித்தியாசம் உண்டு. ராகி, நிலக்கடலை ரெண்டுக்கும் முழு வெயில் வேண்டும். மஞ்சள், இஞ்சி, கருணைக்கிழங்கு, கொத்தமல்லி, கீரை போன்றவை பாதி நிழலைத் தாங்கும். தக்காளி நடுவில் நிற்கிறது: சித்திரை வெயிலில் காய் சுட்டு வெள்ளையாகும்போது லேசான நிழல் நல்லதுதான்; மழைக்காலத்தில் அதே நிழல் ஈரத்தைத் தேக்கி நோயைக் கொண்டுவரும்.

சரி, வரிசைக்கு நடுவே இருபது அடி விடச் சொல்லிக் கேட்டால்? விடலாம். ஆனால் தரையோடு நெருக்கிப் போட்டாலே ஒரு மெகாவாட்டுக்கு நாலு முதல் ஐந்து ஏக்கர் தேவை. இடைவெளி விட்டால் அதே நிலத்தில் பாதி பேனல்கூட நிற்காது. உயர்த்திப் போட்டால் இரும்புச் செலவு ஏறும், காற்றைத் தாங்க அஸ்திவாரம் ஆழமாகப் போட வேண்டும். ரெண்டில் எதைச் செய்தாலும் கம்பெனிக்கு லாபம் குறையும், குறைந்தால் உங்களுக்கு 35,000 தர மாட்டார்கள். முழு வாடகையும் முழு விளைச்சலும் சேர்ந்து வராது. எனவே லே-அவுட் வரைபடத்தைக் கேளுங்கள். பேனல் உயரம், வரிசை இடைவெளி, பயிர் செய்ய உங்களுக்குள்ள உரிமை, உள்ளே வர வழி, இவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லையென்றால் கீழே வரும் பயிர் வருமானத்தை பூஜ்யம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அப்படி பூஜ்யம் என்று வைத்தாலும் ராகி நிலத்துக்கு இது மோசமில்லை. ராகிக்கு 2025-26-ல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதார விலை. நம் மாவட்டத்தில் அரசே கொள்முதலும் செய்கிறது. பத்துக் குவிண்டால் வந்தால் ஏக்கருக்கு 48,860. செலவு போக நீங்கள் சொல்லும் 20,000 நியாயமான கணக்குதான், அதுவும் மழை பெய்த வருடத்தில். அந்த இடத்தில் 35,000 என்பது லாபம். தக்காளி நிலம் அப்படியில்லை. ஒரு வருடம் விலை இல்லாமல் போனாலும், மூன்று நாலு வருடம் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் வசதியுள்ள நிலம் 35,000-ஐத் தாண்டும். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத போர்கள் உள்ள இந்தப் பகுதியில், ஓடுகிற போரும் அதற்கான இலவச மின் இணைப்பும் சொத்தில் பெரிய பங்கு. அதை 28 வருடம் பூட்டி வைக்காதீர்கள்.

அடுத்து, வாடகை ஏறுமா என்று நீங்கள் எழுதவேயில்லை. எனக்கு அதுதான் கவலை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், 25 வருடம் கழித்து அந்த 35,000-க்கு இன்றைய மதிப்பில் 8,000 சொச்சம் ரூபாய் பொருள்தான் வாங்க முடியும். அதுவே வருடம் 5 சதவீதம் ஏற்றம் என்று எழுதி வாங்கினால், 25-ஆம் வருட வாடகை 1,12,000-க்கு மேல் வரும். முதல் வருட வாடகையில் ரெண்டாயிரம் கூட்டிக் கேட்டுப் பேரம் பேசுவதை விட, இந்த ஏற்றத்துக்காகப் பிடிவாதமாக நில்லுங்கள்.

மச்சான் கணக்கு. மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டம் 2019-ல் வந்தது. அதன் 'ஏ' பிரிவில் விவசாயியே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை வைத்து மின்வாரியத்துக்கு விற்கலாம். நிலம் துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாகுபடி நிலமானால் தூணை உயர்த்தி, கீழே பயிருக்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும். 500 கிலோவாட்டை உயர்த்திப் போட ரெண்டரை கோடி என்று வையுங்கள். வருடம் ஏழரை லட்சம் யூனிட் வரும். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் கிடைத்தால் 22.5 லட்சம். அந்த ரெண்டரை கோடிச் செலவில் 1.75 கோடியை 10 சதவீத வட்டியில் 15 வருடக் கடனாக வாங்கினால், வருடத் தவணை மட்டும் ஏறக்குறைய 22.5 லட்சம். பராமரிப்புக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒன்றும் மிஞ்சாது. வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் முதல் ஏழு வருடம் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைத்தால் மூச்சு விடலாம், அவ்வளவே. மீதி 75 லட்சத்தை நீங்கள் போட வேண்டும். உங்களிடம் இருப்பது 12. மிச்சத்துக்கு நகையையும் நிலத்தையும் அடகு வைக்க நேரும். பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் செய்தால் யோசிக்கலாம். தனியாளாக வேண்டாம். உங்கள் பம்புக்கு மட்டும் சோலார் போடுவதிலும் மிச்சம் இல்லை, மின்சாரம் ஏற்கெனவே இலவசம்தானே. இணைப்பு இல்லாத விவசாயிக்குத்தான் வேளாண்மைப் பொறியியல் துறையின் 60 சதவீத மானியப் பம்பு பலன் தரும்.

இனி ராகி நிலத்தை விடுவதானால் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை. வாடகை, பிளான்ட் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல, நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். கையெழுத்து வாங்கிவிட்டு அனுமதிக்காக வருடக்கணக்கில் நிலத்தைச் சும்மா போட்டுவைப்பது இதில் சகஜம். கம்பெனி வங்கியில் அடமானம் வைக்கலாம், ஆனால் தன் குத்தகை உரிமையை மட்டும். உங்கள் நிலத்தை அல்ல. கம்பெனி நினைத்தால் மூன்று மாத நோட்டீஸில் போகலாம், நீங்கள் மட்டும் 28 வருடம் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். குத்தகை முடிந்ததும் தூண், கான்கிரீட், கேபிள் எல்லாவற்றையும் அவர்களே எடுத்து நிலத்தைச் சமன் செய்து தர வேண்டும். அதற்கு ஒரு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். அப்புறம் தண்ணீர். தூசி படிந்தால் மின்சாரம் குறையும் என்பதால் வெயில் காலத்தில் பேனலைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு உங்கள் போரைத் தொடக்கூடாது, டேங்கரில் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பதிவு கட்டாயம், செலவு அவர்களுடையது.

இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது. வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ரெண்டு ஏக்கருக்கு 70,000 ரூபாய்தான் என்பதால் இப்போதைக்கு வரி வராது. ஆனால் பேனல் நிற்கும் நிலத்தைப் பின்னால் விற்கும்போது, கிராமப்புற விவசாய நிலத்துக்குள்ள மூலதன ஆதாய வரிச் சலுகை கேள்விக்குள்ளாகலாம். மகன் விற்க நினைக்கலாம் என்றால் ஒரு ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த 12 லட்சத்தில் மூன்று லட்சத்தைத் தக்காளிக்கான ஒரு வருடச் சாகுபடிச் செலவாக வங்கி டெபாசிட்டில் தனியாக வையுங்கள். விலை விழுந்த வருடத்தில் வட்டிக்கு வாங்காமல் அடுத்த நடவுக்கு அது போதும். சொட்டுநீர் இல்லையென்றால் போடுங்கள். ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். பட்டா பிரிந்தால் உங்கள் பங்கு ஐந்து ஏக்கருக்குள் வரும், முழு மானியத்துக்கே தகுதி கிடைக்கும்.

அதனால் முதல் வேலை பட்டாதான். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, அக்காக்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு; அவர்கள் கையெழுத்து இல்லாத குத்தகை எப்போது வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போகும். இது முடியும்வரை கம்பெனிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வாங்க வேண்டாம், வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்தும் போட வேண்டாம். ரெண்டு ஏக்கர் போதாது, நாலும் வேண்டும் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்து நிலம் என்றால் இன்னொருவர் வருவார்.