போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாவது ஏன்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் அவ்வழக்குகளில் பலர் விடுதலையாகிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில், விசாரணை முடியும்வரை குழந்தைக்குத் துணையிருக்கும் ஆதரவு நபராகப் பணியாற்றுகிறேன். நான் பார்த்தவரை, இவ்வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தின் ஓட்டையால் தோற்பதில்லை. புகார் கொடுத்த நாளுக்கும் குழந்தை சாட்சி சொல்லும் நாளுக்கும் இடையில், வீட்டுக்குள்ளேயே தோற்றுவிடுகின்றன.

குற்றம் செய்தவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, டியூஷன் ஆசிரியராகவோ இருக்கிறார். தகப்பனே குற்றவாளியாக இருந்தால், அவர் சிறைக்குப் போன மாதமே வாடகை நின்றுவிடுகிறது. ஜாமீனில் வந்தவுடன் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். இக்குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றாலும், தாய் பிறழ் சாட்சியானால், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், சமரசம் வேறு வழியில் நடந்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரே செய்தார் என அனுமானிக்க 29ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அடிப்படைச் சம்பவத்தை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும். குழந்தையும் தாயும் வாய் மூடிவிட்டால் எதை வைத்து நிறுவுவது?

நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தையும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையையும் முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. நடைமுறையில் தடய அறிவியல் அறிக்கைக்கும் வாய்தாக்களுக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மூன்றாம் வகுப்பில் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்த ஒரு சிறுமி, ஆறாம் வகுப்பில்தான் சாட்சி சொன்னாள். மறக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே இழுத்துவந்து நினைவுபடுத்தச் சொல்கிறோம். தேதி மாறினால் முரண்பாடு என்கிறோம். இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஆனால் அன்று நீதிபதி 33ஆம் பிரிவை அதன் உயிரோடு கடைப்பிடித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். “தாயாரின் தூண்டுதலின் பேரில் பொய் சாட்சி சொல்கிறாய் என்றால் சரிதானே” என்று அவர் கொடுத்த கேள்வியை, “அம்மா சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்றியா, கண்ணு?” என்று நீதிபதி மாற்றிக் கேட்டார். “இல்ல, அம்மாவுக்கு நான்தான் சொன்னேன்” என்றாள். அந்த ஒரு வரிக்கு நிகரான சான்று அவ்வழக்கில் வேறு இருக்கவில்லை. அதே கேள்வி வழக்கறிஞரின் குரலில் வந்திருந்தால் அவள் அழுதிருப்பாள்.

குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரையோ காணொலி வசதியோ செய்ய 36ஆம் பிரிவு சொல்கிறது. அறைக்குள் திரை இருக்கிறது. வெளியே வராண்டாவில் இருவரும் ஒரே பெஞ்சருகே காத்திருக்கிறார்கள். தனி காத்திருப்பு அறை இல்லாத இடங்களில், குழந்தையின் முறை வரும்போது மட்டும் அழைத்துவரும்படி நீதிமன்ற ஊழியரிடம் முன்கூட்டியே பேசி வைக்கிறோம்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இந்நிலையில் இருந்தால் இவற்றைச் சொல்லுங்கள். புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். ஆதரவு நபரை நியமிப்பது அக்குழுதான், எனவே அதனிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு அதை வழங்க வேண்டும். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தப் பணம் கைக்கு வந்துவிட்ட வீடுகளில், தாய்மார்கள் பிறழ் சாட்சியாவது குறைவதைக் கண்டிருக்கிறேன்.